அசையுற அசையாச் சொத்து

"ஒரே டாக்குமெண்டாப் போட்டு எம்.டி.க்குப் பிரசன்ட் பண்ணணுமாம்" என்றாள் சாந்தா.

அன்பழகன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெல்டிங் பொறி பட்டு ஏற்கெனவே சல்லடையாகியிருந்த சட்டையில் இன்னொரு ஓட்டை புகைந்துகொண்டிருந்தது.

"யாரு போன்ல?"

"பெரம்பலூர்லேர்ந்து. கோகுலம் நகர் கம்பெனியாம். லாவண்யான்னு ஒரு பொண்ணு பேசுச்சு."

வெல்டிங் கோல் தானாகக் கையிலிருந்து இறங்கியது. பெரம்பலூருக்கு வெளியே வரிசை வரிசையாக வீடு எழுப்பிக்கொண்டிருக்கும் கம்பெனி அது. வீடு என்றால் சுற்றுச்சுவர். சுற்றுச்சுவர் என்றால் கேட்டு.

"போன மாசம் அவங்க ஆபீஸ் வாட்ச்மேன் கையில என் கார்டைக் குடுத்துட்டு வந்தேன்ல, வேலை செஞ்சிருச்சு பாத்தியா! என்ன சொன்னுச்சு அந்தப் பொண்ணு? ஒரு எழுத்து வுடாம சொல்லு."

"'அன்பு சார் நம்பர்தானுங்களே?'ன்னுச்சு. ஆமான்னேன். 'நீங்க பண்ணுன போட்டோவெல்லாம் ஒரே டாக்குமெண்டாப் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நாளைக்குக் காலையில எங்க எம்.டி.க்குப் பிரசன்ட் பண்ணணும்'னுச்சு. வச்சிருச்சு."

"கேட்டைப் பத்தி?"

"கேட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"அதைத் தனியா வேற சொல்லணுமாக்கும். நம்மகிட்ட கேட்டைத் தவிர வேற எதுக்குப் போட்டோ இருக்கு? நம்ம கல்யாண போட்டோவையா கேப்பாங்க?"

"அதுலதான் நீங்க கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே."

அந்த அழைப்பு வந்த நேரம் அப்படி. கீழப்பழுவூர் ரோட்டோரத்து 'அன்பு கேட் ஒர்க்ஸ்' பட்டறைக்குக் கொஞ்ச காலமாகவே கேட்டுக்கென்று யாரும் வரவில்லை. மாடு கட்டும் முளை, துருப்பிடித்த கீல், கால் ஒடிந்த கட்டில் என்றுதான் வந்துகொண்டிருந்தது. சாந்தாவின் தம்பி கலைவாணன் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்துவிட்டான். நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஊருக்கெல்லாம் கேட்டு செஞ்சவன், கடைசியில எவனோ செஞ்ச கேட்டுல போயி ஸ்டூல் போட்டு உக்காரணுமா?" என்று அன்பழகன் கேட்டிருந்தார்.

"சும்மா இல்ல மாமா, யூனிபாரம் குடுப்பாங்க" என்று கலைவாணன் ஆறுதல் சொல்லியிருந்தான்.

அன்பழகன் உலைத் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். "சரி, டாக்குமெண்டுன்னா என்னா?"

"டாக்குமெண்டுன்னா பத்திரம்தானே? நம்ம கொல்லைக்காட்டு டாக்குமெண்டு பீரோவுல இருக்குல்ல."

"பத்திரத்துல எதுக்கு போட்டோ?"

"இப்பல்லாம் ஒட்டுறாங்களே. எங்க சித்தப்பா மனை வாங்குனப்ப ஒட்டுனாங்க. மனை நடுவுல ஒரு ஆடு நின்னுச்சு. ஆடும் பத்திரத்துல ஏறிப்போச்சு."

"அப்ப பிரசன்ட்டு?"

"கல்யாணத்துல கவர்ல பேரெழுதி வைக்கிறமே, அது."

ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்று போனது. தூசி அடங்கியதும் அன்பழகன் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் செஞ்ச கேட்டையெல்லாம் அந்த எம்.டி.க்குப் பிரசன்ட்டா எழுதிக் குடுக்கணுமா?"

"நெசமாவா குடுக்கச் சொல்லுவாங்க? பேருக்கு இருக்கும். பெரிய எடத்துல இப்புடி ஒரு மொறை வச்சிருப்பாங்க. ஒரு மருவாதி."

"போன் போட்டுக் கேட்டுருவமா?"

"கேளுங்க."

அன்பழகன் எண்ணை அழுத்தினார். முதல் மணி அடிப்பதற்குள் நிறுத்தினார்.

"வேணாம். இதுகூடத் தெரியாத ஆளான்னு நெனச்சு வேற ஆளைக் கூப்புட்டுட்டாங்கன்னா?"

"அதுவும் சரிதான். மருவாதின்னா என்னான்னு போயி கேட்டா அது என்ன மருவாதி?"

போனில் இருந்த கேட்டுப் படங்களைக் காகிதத்தில் எடுக்க அரியலூருக்குப் பஸ் ஏறினார். எப்போதும் போகும் இடம்தான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அன்பு ஸ்டூடியோ. பெயர்ப் பொருத்தத்துக்காகவே அவர் வேறு கடைக்குப் போவதில்லை. பலகையில் இருந்தது கடைக்காரனின் அப்பா பெயர். கடைக்காரன் முத்தமிழ்செல்வன், தன் போனை மேசைமேல் வைத்து, அது பால் பொங்குகிற பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, போனையே பாத்துக்கிட்டு இருக்க?"

"ஒரு பெரிய எடத்துலேர்ந்து கூப்புடுறேன்னாங்கண்ணே. வர மாட்டேங்குது."

"வரும், வரும். எனக்கு இப்பதான் வந்துச்சு."

அன்பழகன் படங்களைக் காட்டினார். இதெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

"அதுக்கு எதுக்குண்ணே பிரிண்டு? மொத்தத்தையும் ஒரே பி.டி.எஃப்.ஆ போட்டு ஒங்க போன்லயே ஏத்தி வுட்டுரட்டா? நீங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆயிரும்."

"அதெல்லாம் வேணாம்ப்பா. எனக்கு டாக்குமெண்டுதான் வேணும்."

"அதாண்ணே இது."

"எது இது? ஸ்டாம்பு இல்ல, சீலு இல்ல, கையில புடிக்கவும் முடியாது. பேசாம கழுவிக் குடு."

"இப்ப யாருண்ணே கழுவுறா?" என்று சிரித்துக்கொண்டே முத்தமிழ்செல்வன் பிரிண்டரைத் தட்டினான். ஒரு கண் போன்மேலேயே இருந்தது.

படங்களை ஆற வைத்து விசிறிக்கொண்டே அன்பழகன் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிரே போனார். அங்கே பஞ்சநாதன் உட்கார்ந்திருந்தார். பத்திரம் எழுதுவதில் பழுத்தவர். வந்த வேலையை முடியாது என்று திருப்பி அனுப்புவது அவர் பழக்கத்தில் கிடையாது.

"உக்காரு. எழுதிக் குடுக்குறது யாரு?"

"நான்தாங்க."

"எழுதி வாங்குறது?"

"கோகுலகிருஷ்ணன். பெரம்பலூர், கோகுலம் நகர் எம்.டி."

"என்ன குடுக்குற?"

"கேட்டு."

"கேட்டு குடுக்குறியா, கேக்காம குடுக்குறியா?"

"இரும்புக் கேட்டுங்க."

பஞ்சநாதன் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மறுபடி பேனாவைத் திறந்தார். "எம்.டி. ஒனக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்க."

"உறவு இல்லாம தானம் எழுதுனா ஸ்டாம்புச் செலவு எகிறிப்புடும். ஏதாவது ஒரு மொறை சொல்லு."

அன்பழகன் வீட்டுக்குப் போன் போட்டார். சாந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் அண்ணன்னு போட்டுக்குங்க. எனக்கும் தம்பி ஒருத்தன்தானே இருக்கான்."

"மச்சான்" என்று பஞ்சநாதன் எழுதிக்கொண்டார். "இப்ப ஒவ்வொரு சொத்துக்கும் நாலு எல்லை சொல்லு."

"கேட்டுக்கு எல்லையா?"

"எல்லை இல்லாத சொத்தை இதுவரைக்கும் நான் எழுதுனது இல்ல. இந்த ரெண்டு மயிலு வச்ச கேட்டு யாருது?"

"செந்துறை பொன்னாயி அக்காது."

பஞ்சநாதன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மேற்படி கேட்டுக்கு மேற்கே பொன்னாயி வீடு, கிழக்கே ரோடு, வடக்கே கீல், தெற்கே தாழ்ப்பாள். இதற்குள்பட்ட மயில் இரண்டு உள்பட." திடீரென்று நிறுத்தினார். "இரு, இரு. இந்தக் கேட்டு செவுத்துல பதிச்சதா?"

"பின்ன? காங்கிரீட் போட்டு."

"அப்ப அசையாச் சொத்து."

"அசையுங்களே. தொறந்தா தொறக்கும், சாத்துனா சாத்தும்."

"அது அசையுற அசையாச் சொத்து. அதுலதான் வில்லங்கமே. செவுத்தோட இருந்தா வூட்டுக்காரவங்களுது. அவங்க சம்மதம் இல்லாம நீ எழுதிக் குடுக்க முடியாது. எல்லாரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு. ஆதார் கார்டு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

அன்பழகனுக்கு அது நியாயமாகப்பட்டது. பக்கத்து ஆலமரத்தடிக்கு வந்து முதலில் பொன்னாயிக்குப் போன் போட்டார்.

"அக்கா, அன்பழகன் பேசுறேன். கேட்டு நல்லாருக்கா?"

"அதுக்கென்ன தம்பி, தங்கமா இருக்கு."

"அதைப் பெரம்பலூர்ல ஒருத்தருக்குப் பிரசன்ட் பண்றேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

மறுமுனையில் கோழி ஒன்று கொக்கரித்தது.

"எதை?"

"ஒங்க கேட்டைத்தாங்க்கா. சும்மா பேருக்கு."

"எம் பேருக்கா, அவன் பேருக்கா?"

"அவரு பேருக்கு."

போன் நின்றது. அடுத்து லாரி வைத்திருக்கும் மதுரைவீரனுக்குப் பேசினார். அவன் முழுதாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அண்ணே, வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். எறையூரில் ஒருவர், உடையார்பாளையத்தில் ஒருவர் என்று அன்பழகன் விடாமல் பேசினார். ஒவ்வொரு போனும் முந்தினதைவிடச் சீக்கிரமாக நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சாந்தாவுக்கு எரிச்சல் வந்தது.

"ஒங்களுக்குப் பக்குவமாப் பேசத் தெரியலை. குடுங்க இங்க." போனை வாங்கிப் பொன்னாயிக்குத் தானே பேசினாள். "அக்கா, நீங்க பயப்படாதீங்க. வூட்டை ஒண்ணும் எழுதலை. கேட்டை மட்டுந்தான்."

"வூட்டை வேற எழுதுறதா இருந்தீங்களாடி?" என்றது போன்.

சாயங்காலம் பட்டறை வாசலில் மதுரைவீரனின் குட்டியானை மினிலாரி வந்து நின்றது. பின்னால் நின்றுகொண்டு வந்தவர்கள் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள். முன் சீட்டிலிருந்து பொன்னாயி இறங்கினாள். அவள் கையில் ஆதார் கார்டு இல்லை, குடை இருந்தது.

"ஏன் தம்பி, மயிலு வச்சுக் குடுத்தப்ப வாசல்ல சாப்புட்டுட்டுதானே போன? மீன் கொழம்பு வச்சேன்ல? இப்ப எவனுக்கு எழுதி வைக்கிற என் மயிலை?"

"அக்கா, வெறும் போட்டோதாங்க்கா. இந்தா பாருங்க." அவர் போனில் படங்களைக் காட்டினார். அது இன்னும் தப்பாகப் போனது.

"கேட்டு மட்டும்னாங்க, பின்னாடி என் வூடு முழுசா தெரியுதே!" என்றார் எறையூர்க்காரர்.

"அண்ணே, இதுல என் மாமியா கயித்துக் கட்டில்ல உக்காந்திருக்குது" என்றான் மதுரைவீரன். "அதையும் எழுதிட்டீங்களா?"

"படத்துல இருக்குறது எல்லாம் பத்திரத்துல ஏறும்னு சொல்றாங்கப்பா" என்றாள் சாந்தா, தன் சித்தப்பாவின் ஆட்டை நினைத்துக்கொண்டு.

மதுரைவீரன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டை வுட்டுட்டு மாமியாவ மட்டும் எழுத முடியுமாண்ணே?"

பொன்னாயி குடையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "வெளையாட்டு இல்லடா. தம்பி, நீ அந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப் போடு."

"இன்னும் என் கைக்கே வரலைக்கா. பஞ்சநாதன் எழுதிக்கிட்டு இருக்காரு."

"அப்ப நாளைக்கு அந்த எம்.டி.யவே நாங்க நேர்ல பாத்துக்கிறோம்" என்று சொல்லி அவள் வண்டியில் ஏறினாள். குட்டியானை போன பிறகும் அவள் பேசிக்கொண்டு போனது கேட்டது.

அன்பழகன் பட்டறைத் திண்டில் உட்கார்ந்தார். "போச்சு. ஆர்டர் குடுக்கப்போற ஆளை அடிக்க ஆளு போகுது. சாந்தா, ஒந்தம்பிகிட்ட யூனிபாரம் அளவு கேக்கச் சொல்லு."

"நாளைக்குச் சாயங்காலம்தானே சொல்லணும்? காலையில என்ன ஆகுதுன்னு பாப்போம். மொத பஸ்ஸுல நாம போயிட்டா அவங்க வர்றதுக்குள்ள முடிச்சுட்டு வந்துரலாம்."

அப்படித்தான் செய்தார்கள். விடிந்ததும் பஞ்சநாதன் வீட்டுக்கே போய்ப் பத்திரத்தை வாங்கினார்கள். முத்திரைத் தாளில் படங்கள் ஒட்டி, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ரப்பர் ஸ்டாம்பு குத்தி, பச்சை நூலால் தைத்திருந்தது. "சம்மதக் கையெழுத்துக்கு எடம் வுட்டுருக்கேன். நான் பின்னாடியே வரேன்" என்றார் பஞ்சநாதன். எதில் வருவார் என்று அன்பழகன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கோகுலம் நகர் ஆபீஸில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. எம்.டி. கோகுலகிருஷ்ணன் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி வைத்த, குரல் தணிந்த மனிதர்.

"லாவண்யா மேடம் வரச் சொன்னாங்க" என்றார் அன்பழகன்.

"அப்புடியா? அது பேங்குக்குப் போயிருக்கு. உக்காருங்க. என்ன விசயமா?"

"கேட்டுங்க சார். டாக்குமெண்டு போட்டு எடுத்தாரச் சொன்னாங்க. பிரசன்ட் பண்றதுக்கு."

"கேட்டா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. நாங்க ரெடிமேடா வெளியூர்லேர்ந்து எறக்கிக்கலாம்னுல்ல இருந்தோம்..." என்று இழுத்தார். "சரி, சொல்லிருக்குன்னா காரணம் இருக்கும். குடுங்க பாப்போம்."

அன்பழகன் எழுந்து நின்று, பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சாந்தா தட்டில் இரண்டு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்து எடுத்து வந்திருந்தாள். அதையும் நீட்டினாள்.

கோகுலகிருஷ்ணன் படித்தார். முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு அவரை அறியாமலே வாய்விட்டுப் படித்தார்.

"'எனது மனைவியின் உடன்பிறவாச் சகோதரரும், எனக்கு மச்சான் முறையுமான கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு, தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்...'" தலையை நிமிர்த்தினார். "நான் ஒங்களுக்கு மச்சானா?"

"ஸ்டாம்புக்காகங்க" என்றார் அன்பழகன், வியர்த்துக்கொண்டே.

"'வடக்கே கீல், தெற்கே தாழ்ப்பாள்...' இது என்னங்க?"

"எல்லைங்க."

"'கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி நீங்கலாக.'"

"அது மதுரைவீரன் மாமியாங்க. ராத்திரி போன் போட்டு நீக்கச் சொல்லிட்டேன்."

எம்.டி.யின் முகத்தில் என்ன வருகிறது என்று அன்பழகனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமா, சிரிப்பா? அது தெரிவதற்குள் வெளியே குட்டியானை பிரேக் போடும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் "நில்லுங்க, நில்லுங்க" என்றார். யாரும் நிற்கவில்லை. பொன்னாயி குடையோடு உள்ளே வந்தாள். பின்னால் மதுரைவீரன், எறையூர்க்காரர், உடையார்பாளையத்துக்காரர், இன்னும் பலர். எல்லாருக்கும் கடைசியில், பேனாவும் மைப்பெட்டியுமாகப் பஞ்சநாதன்.

"நீதானாய்யா எம்.டி.?" என்றாள் பொன்னாயி.

"ஆமாங்கம்மா."

"என் கேட்டை நான் குடுக்க மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லீங்களேம்மா."

"கேட்டாலும் குடுக்க மாட்டேன். போன ஐப்பசியில அடிச்ச காத்துல என் மாட்டுக் கொட்டாய் பறந்து அடுத்த கொல்லையில போயி வுழுந்துச்சு. மரம் வுழுந்துச்சு. கேட்டு மட்டும் அப்புடியே நின்னுச்சு. காலையில எந்திரிச்சுப் பாத்தா, செவுரு கெடக்கு கீழ, கேட்டு நிக்கிது பூட்டுனபடி. நான் தாழ்ப்பாளைத் தொறந்துதான் வெளியில வந்தேன்."

"செவுருதான் இல்லையே, சுத்தி வந்திருக்கலாமே?" என்றார் எம்.டி.

"கேட்டு இருக்கயில எதுக்குச் சுத்தணும்?"

மதுரைவீரன் முன்னால் வந்தான். "சார், என் லாரியை ரிவர்ஸ் எடுக்குறப்ப ரெண்டு தடவை என் கேட்டுலயே இடிச்சேன். ரெண்டு தடவையும் பட்டறைக்குப் போனது லாரிதான் சார். அதை ஒங்களுக்குக் குடுத்துட்டு நான் என்ன செய்ய?"

"என் கேட்டை என் பேத்தி ஒத்தைச் சுண்டு வெரல்ல தொறக்கும். சத்தம் வராது" என்றார் உடையார்பாளையத்துக்காரர்.

"சத்தம் வராததுதான் எனக்குக் குத்தம்" என்றார் எறையூர்க்காரர். "எம்பையன் எப்ப வர்றான், எப்ப போறான்னே தெரியலை. இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அன்பழகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதில் வாட்ச்மேன் விசில் ஒன்று ஊதுவது போலிருந்தது.

அப்போதுதான் கோகுலகிருஷ்ணன் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசை குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மச்சான், ஒங்களை யாரு பத்திரம் எழுதச் சொன்னது?"

"டாக்குமெண்டு போடச் சொன்னாங்களே சார்."

"டாக்குமெண்டுன்னா போட்டோவெல்லாம் ஒரே பைலா போட்டு வாட்ஸப்புல அனுப்புறது. பிரசன்ட் பண்றதுன்னா அதை என்கிட்ட காட்டி வெளக்கிச் சொல்றது. அவ்வளவுதான்."

பொன்னாயி குடையைத் தரையில் ஊன்றினாள்.

"அப்ப யாரும் யாருக்கும் எதையும் குடுக்கலையா?" என்றாள் பொன்னாயி.

"இல்லம்மா."

"இதுக்கா செந்துறையிலேர்ந்து நின்னுக்கிட்டே வந்தோம்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அன்பழகனுக்குக் காது சிவந்தது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விடலாம் என்று கையை நீட்டினார். எம்.டி. பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க? எத்தனையோ பேரு கலர் கலரா படம் போட்டு, பாட்டு வேற வச்சுக் கொண்டாந்து காட்டிருக்காங்க. கேட்டை வாங்குனவங்களே வண்டி புடிச்சு வந்து, உசுரே போனாலும் குடுக்க மாட்டோம்னு சண்டை போட்டு நான் பாத்தது இல்ல. வெளியூர்க் கேட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்ம நகர்ல எல்லா வூட்டுக்கும் நீங்களே போடுங்க."

அன்பழகன் சாந்தாவைப் பார்த்தார். சாந்தா வாழைப்பழத் தட்டை எம்.டி.யின் மேசைமேல் வைத்தாள்.

"நெசமாவா சார்?"

"இந்தப் பத்திரத்துல கடைசிப் பக்கம் வெறுமனே இருக்கு. இதுலயே எழுதிருவோம். எழுதுறவரும் கையோட வந்திருக்காரு."

உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த பஞ்சநாதன் உடனே உட்கார்ந்தார். கோகுலம் நகர் வீடுகள் அத்தனைக்கும் கேட்டு செய்யும் வேலை அன்பழகனுக்கே என்று எழுதினார். பழக்க தோஷத்தில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்றும் சேர்த்துவிட்டார். எம்.டி. அதை அடிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு மதுரைவீரன் கையெழுத்துப் போட்டான். பொன்னாயி கைநாட்டு வைத்துவிட்டு, மை விரலைக் குடைத் துணியில் துடைத்தாள்.

"தம்பி, இவங்களுக்கும் மயிலு வச்சுராத. மயிலு எனக்கு மட்டுந்தான்."

"சரிக்கா."

எம்.டி. எல்லாருக்கும் டீ சொல்ல எழுந்து வெளியே போனார். சாந்தா அந்தக் குளிரிலும் முந்தானையால் விசிறிக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டாள்.

"கலை, அந்த வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளைப் பாரு. ஒன் மாமாவுக்கு யூனிபாரம் வேணாம். கூடப் பொறந்தவன் நீ அவரைக் கேட்டுல உக்கார வக்கப் பாத்த. பத்திரத்துல பொறந்த அண்ணன் ஊருக்கே கேட்டு போடச் சொல்லிட்டாரு."

"எந்த அண்ணன்க்கா?" என்று போன் கத்தியது. அவள் வைத்துவிட்டாள்.

அன்பழகன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முதுகு நாற்காலியில் பட்டது. டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கையில் ஹெல்மெட்டும் பேங்குக் கவரும் வைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஆபீஸ் நிறைய ஜனம் டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அங்கேயே நின்றாள்.

"வா லாவண்யா" என்றார் எம்.டி. வெளியிலிருந்தே. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயே எவ்வளவு நல்ல ஆளாப் புடிச்சிருக்க! எல்லாம் கையெழுத்துப் போட்டு முடிச்சாச்சு." சொல்லிவிட்டுப் பொன்னாயியோடு பேசப் போய்விட்டார்.

லாவண்யா மேசைமேல் கிடந்த பத்திரத்தைப் பார்த்தாள். பச்சை நூலைப் பார்த்தாள். வாழைப்பழத்தைப் பார்த்தாள். பிறகு அன்பழகன் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. நம்ம நகர் வூடெல்லாம் போட்டோ எடுத்தாங்களே, அரியலூர் அன்பு ஸ்டூடியோ, அவங்க கார்டுன்னு நெனச்சுத்தான் நேத்து நான் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். நீங்க யாருண்ணே?"